‘கூறப்படுகிறது’ என்னும் அறிவிப்பாளர்

செய்தித்தாள் பொய் சொல்கிறது என்ற முறையீடு நம் இல்லங்களில் புதிதன்று. காலையில் தேநீரோடு ஏட்டை விரிக்கும் பெரியவரும், மாலையில் அதே ஏட்டில் பொட்டலம் கட்டித் தரும் மளிகைக் கடைக்காரரும் இம்முறையீட்டில் ஒருமித்து நிற்பர். ஆனால் எந்த அளவுகோலைக் கொண்டு அதனைப் பொய் என்கிறோம் என்று வினவினால் விடை வருவதில்லை. நமக்கு உவப்பில்லாத செய்தி பொய். உவப்பான செய்தி மெய். இதற்கு மேல் ஓர் அளவுகோல் நம்மிடம் உண்டா? பத்திரிகைத் தொழிலுக்கு அறநெறி வகுத்தோர் கைக்கொண்ட கோட்பாடுகள் யாவை? அவற்றோடு நம் ஹதீஸ் கலை அறிஞர்கள் ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்னரே வகுத்த விதிகளை வைத்துப் பார்த்தால் என்ன தெரிகிறது? இவற்றை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

ஆராய்ச்சிக்கு எடுத்துக்காட்டைத் தேடித் தொலைதூரம் செல்ல வேண்டியதில்லை. நாம் வாழும் ராயகிரிக்குத் தெற்கே, இதே மேற்கு மலையின் அடிவாரத்தில், தென்காசிக்கு அணித்தே இருக்கிறது மீனாட்சிபுரம். அந்நாளில் அது திருநெல்வேலி மாவட்டத்தைச் சேர்ந்தது; 2019 முதல் தென்காசி மாவட்டத்துக்கு உட்பட்டது. 1981 பிப்ரவரி 19 அன்று அவ்வூரின் ஒடுக்கப்பட்ட மக்களுள் ஏறத்தாழ நூற்றெண்பது குடும்பத்தார், திருநெல்வேலியிலுள்ள தென்னிந்திய இஷாஅத்துல் இஸ்லாம் சபையின் வாயிலாக இஸ்லாத்தைத் தழுவினர். ஊருக்கு ரஹ்மத் நகர் என்ற பெயரும் வழங்கலாயிற்று. நாம் அப்போது சிறுவர். ஆயினும் தேநீர்க் கடைகளில் ஒருவர் உரக்கப் படிக்க மற்றவர் சூழ்ந்து நின்று கேட்ட அந்நாள்களை இவ்வட்டாரத்தில் நம் வயதினர் எவரும் மறந்திரார்.

நிகழ்ச்சி நடந்த உடனே நாடு பரபரப்படைந்து விடவில்லை. சில மாதங்கள் கழித்தே வடநாட்டு ஏடுகளின் பார்வை இம்மலையடிவாரத்தின்மீது விழுந்தது. விழுந்த பின்னர் மற்றெல்லாப் பேச்சையும் ஒரு சொல் விழுங்கிற்று. ‘பெட்ரோ டாலர்’ என்பதே அச்சொல். வளைகுடா நாட்டுப் பணம் வந்து இறங்கிற்று என்றும், அப்பணமே மக்களை மதம் மாற்றிற்று என்றும் எழுதப்பட்டது. அரசியல் தலைவர்கள் வந்தனர். அடல் பிகாரி வாஜ்பாய் அவர்களும் அவ்வாண்டிலேயே அங்கு வந்து சென்றார். ஆரிய சமாஜத்தார் வந்தனர். அதே ஆண்டு அக்டோபரில் தில்லியில் கரண் சிங் அவர்களின் முன்னிலையில் மாபெரும் இந்து மாநாடு கூடிற்று. இத்தனைக்கும் அடியில் கிடந்த குற்றச்சாட்டில், கொடுத்தவர் யார், வாங்கியவர் யார் என்னும் இரண்டு பெயர்களும் இல்லை. ஊரார் தம் வாயால் கூறியதோ வேறு. பொதுக் கிணறு, தேநீர்க் கடைத் தனிக்குவளை, சாதிப் பகை, காவல்துறையினரின் அடி உதை ஆகியவற்றையே அவர்கள் மீண்டும் மீண்டும் எடுத்துரைத்தனர். பணம் வாங்கவில்லை என்றும் கூறினர்.

நீதியை முன்னிட்டு ஒன்றை ஒப்புக்கொண்டே தீர வேண்டும். எல்லா ஏடுகளும் அவ்வாறு எழுதவில்லை. ஊருக்குள்ளே நடந்து சென்று, திண்ணையில் அமர்ந்து, மக்களின் வாய்மொழியைக் கேட்டெழுதிய நிருபர்களும் இருந்தனர். அவர்களுள் பலர் முஸ்லிம் அல்லர். தீண்டாமையின் கொடுமையை அவர்கள் எழுதாதிருந்தால் மீனாட்சிபுரம் பற்றி இன்று நாம் அறிந்திருப்பது மிகச் சொற்பமாயிருக்கும். ‘பத்திரிகைக்காரர்’ என்று எல்லோரையும் ஒரே கயிற்றில் கட்டிப் பேசும் வழக்கத்தை நம்மவர் விட்டொழிக்க வேண்டும். அறிவிப்பாளரை ஆள் ஆளாகப் பிரித்து எடைபோடுவதே ஹதீஸ் கலையின் முதற்பாடம்.

அந்தக் கலையின் கண்ணாடியை அணிந்து அவ்வாண்டின் ஏடுகளைப் பார்ப்போம். இமாம் முஸ்லிம் (ரஹ்) அவர்கள் தம் ஸஹீஹின் முகவுரையில் இமாம் இப்னு ஸீரீன் (ரஹ்) அவர்களின் கருத்து ஒன்றைப் பதிவு செய்துள்ளார்கள். தொடக்கத்தில் மக்கள் அறிவிப்பாளர் தொடரைக் கேட்டதில்லை; குழப்பம் தோன்றிய பின்னரே, உங்களுக்கு அறிவித்தவரின் பெயரைச் சொல்லுங்கள் என்று கேட்கத் தலைப்பட்டனர் என்பது அதன் சாரம். ஆழ்ந்து எண்ணத்தக்க கருத்து இது. அமைதியான காலத்தில் மனிதன் மனிதனை நம்புகிறான். குழப்பக் காலத்தில் நம்பிக்கைக்குச் சான்று வேண்டும். நம் ஏடுகளிலோ இது தலைகீழாக நடக்கிறது. சந்தை விலைச் செய்திக்கு வட்டாரத்தின் பெயர், வணிகரின் பெயர், நாள், எடை எல்லாம் இருக்கும். சமூகப் பகைமூட்டும் செய்திக்கு மட்டும் ‘கூறப்படுகிறது’, ‘தெரியவருகிறது’, ‘நம்பத்தகுந்த வட்டாரங்கள் தெரிவிக்கின்றன’ என்ற முகமூடிகள் வந்துவிடும்.

‘கூறப்படுகிறது’ என்பவர் யார்? எந்த ஊரார்? எந்த ஆண்டில் பிறந்தவர்? அவருடைய நினைவாற்றல் எத்தகையது? நடந்ததை நேரில் கண்டாரா, கண்டவரைக் கண்டாரா? ஹதீஸ் கலையில் இதற்கு ‘ஸீகத்துத் தம்ரீள்’ என்ற பெயர் உண்டு. நோய்ப்பட்ட சொல்வடிவம் என்று பொருள் கொள்ளலாம். ‘இன்னார் கூறினார்’ என்று உறுதியாகச் சொல்வதற்குரிய சான்று இல்லாதபோது, ‘கூறப்பட்டது’, ‘அறிவிக்கப்பட்டது’ என்று செயப்பாட்டு வினையில் சொல்வதே அறிஞர்களின் மரபு. அவ்வினையைக் கண்டவுடனே மாணவன் விழிப்படைவான். இதில் நோய் இருக்கிறது என்று உணர்வான். ஹிஜ்ரி 643இல் மறைந்த இமாம் இப்னுஸ் ஸலாஹ் (ரஹ்) அவர்கள், பலவீனமான செய்தியைத் தொடரின்றி எடுத்துரைப்பவர் உறுதிச் சொல்லைத் தவிர்த்து இத்தகைய சொல்லையே ஆள வேண்டுமென்று விதித்துள்ளார்கள். அங்கே செயப்பாட்டு வினை வாசகனுக்குச் செய்யும் எச்சரிக்கை. ஏடுகளிலோ அது எழுதியவன் ஒளிந்துகொள்ளும் திரை. இலக்கணம் ஒன்றே, எண்ணந்தான் வேறு.

ஒளிந்துகொள்வதற்கு ஒரு பழைய எடுத்துக்காட்டும் உண்டு. அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள்மீது அவதூறு பரப்பப்பட்ட வரலாற்றை வாசகர் அறிவர். அதன் பெரும்பங்கைச் சுமந்தவன் அப்துல்லாஹ் இப்னு உபை. ஆயினும் அவன் அதனைப் பரப்பிய முறையை அறிவிப்புகள் நுட்பமாக விவரிக்கின்றன. அவன் முன்னிலையில் பேச்சு நடக்கும், அவன் கேட்பான், தூண்டிவிடுவான், கிளறி வெளிக்கொணர்வான். ‘நான் சொல்கிறேன்’ என்பது மட்டும் அவன் வாயில் வாராது. ஏனையோருக்குத் தண்டனை நிறைவேற்றப்பட்டிருக்க இவனுக்கு ஏன் நிறைவேற்றப்படவில்லை என்ற கேள்விக்குக் கூறப்படும் காரணங்களுள் ஒன்றாக, அவன் பிறர் பேச்சைத் திரட்டித் தன்மீது சாராத அச்சில் வார்த்து வெளியிட்டான் என்பதையும் இமாம் இப்னுல் கய்யிம் (ரஹ்) அவர்கள் ‘ஸாதுல் மஆத்’தில் எடுத்துக்காட்டுகிறார்கள். சட்டத்தின் பிடிக்குள் அகப்படாத அவதூறு இக்காலத்து வழக்கறிஞர் கற்றுக்கொடுத்த தந்திரமன்று என்பது இதனால் புலனாகும்.

திருமறையின் ‘ஹுஜுராத்’ அத்தியாயத்து ஆறாம் வசனத்தை நம் இமாம்கள் ஜும்ஆ மேடையில் அடிக்கடி ஓதக் கேட்கிறோம். நம்பகமற்றவன் செய்தி கொணர்ந்தால், அறியாமையால் ஒரு கூட்டத்தாருக்குத் தீங்கிழைத்துவிட்டுப் பின்னர் வருந்த நேராதபடி தீர விசாரிக்குமாறு அது பணிக்கிறது. முஃபஸ்ஸிர்கள் பலர் இதற்குக் கூறும் பின்னணி யாது? ஜகாத் பெற்றுவர பனூ முஸ்தலிக் குலத்தாரிடம் அனுப்பப்பட்ட ஒருவர், அவர்களைச் சந்திக்காமலே வழியிலே அஞ்சித் திரும்பி, ‘அவர்கள் மறுத்துவிட்டனர், என்னைக் கொல்ல முற்பட்டனர்’ என்று அறிவித்தார் என்பதாகும். ஊருக்குள் செல்லாமல் தம் அச்சத்தையே செய்தியாக அனுப்புதல்! மாவட்டத் தலைநகரின் விடுதி அறையில் அமர்ந்து கிராமத்தைப் பற்றி எழுதுவோரை எண்ணாமல் இவ்வரலாற்றைப் படிக்க நம்மால் முடிவதில்லை.

இவ்வசனத்தில் மேலும் ஒரு நுட்பம். ‘தீர விசாரியுங்கள்’ என்று நாம் பொருள் கொள்ளும் சொல் பெரும்பாலான ஓதல் மரபுகளில் ‘ஃபதபய்யனூ’ என்று வரும். கூஃபாவின் இமாம்களான ஹம்ஸா, கிஸாஈ (ரஹ்) ஆகியோரின் மரபில் ‘ஃபதஸப்பதூ’ என்று வரும். புள்ளிகள் இடப்படாத பழைய எழுத்தில் இரண்டும் ஒரே வடிவமே. முன்னதன் கருத்து தெளிவு தேடுதல். பின்னதன் கருத்து அசையாது நின்று பொறுத்தல். துருவி ஆராய்வது ஒன்று, அவசரப்படாதிருப்பது மற்றொன்று. பத்திரிகைத் தொழிலின் இரண்டு பெரும் நோய்களுக்கும் இவ்விரு ஓதல்களில் மருந்து இருக்கக் காண்கிறோம். போட்டி ஏட்டுக்கு முந்திக்கொள்ளும் வேகத்தில் இரண்டாவது ஓதல் பெரிதும் மறக்கப்பட்டுவிட்டது.

இனி மேனாட்டார் கோட்பாடுகளுக்கு வருவோம். அவற்றைச் சுருக்கமாகச் சொன்னால் போதும். ஜெர்மானிய அறிஞர் காண்ட், கடமையே அறத்தின் அடி என்றார். 1797இல் எழுதிய ஒரு கட்டுரையில், நண்பனைக் கொல்லத் தேடிவரும் கொலைகாரன் கேட்டாலும் பொய்யுரைத்தல் ஆகாது என்று வாதிடும் அளவுக்குச் சென்றார். ஆங்கிலேயராகிய பெந்தமும் மில்லும் விளைவை நோக்கினர். மிகப் பலருக்கு மிகுந்த நன்மை எதுவோ அதுவே அறம் என்றனர். அரிஸ்டாட்டிலின் வழியினரோ விதியையும் விளைவையும் விட, செய்பவனின் குணத்தைப் பார்த்தனர். நம் வள்ளுவரும் வாய்மைக்கு இலக்கணம் வகுக்குமிடத்துக் குற்றமற்ற நன்மை பயக்குமாயின் பொய்யும் வாய்மையின் இடத்தைப் பெறும் என்ற கருத்தினர். பெருமானார் (ஸல்) அவர்களின் வழிமுறையிலும் பகைத்தோரிடையே இணக்கம் உண்டாக்க நற்சொல் புனைபவன் பொய்யனாக எண்ணப்படுவதில்லை. காண்ட்டின் கடுமை நம் மரபுக்கு உடன்பாடன்று என்பது இதனால் தெளிவு. ஆனால் இச்சலுகை இருவரைச் சேர்த்து வைப்பதற்காகவே அன்றி ஒரு கூட்டத்தைத் திருப்திப்படுத்துவதற்காக அன்று என்பதை மறக்கலாகாது.

இக்கோட்பாடுகள் மோதும் இடம் ஒன்றைக் காட்டுவோம். கலவரம் நடக்கும் ஊரின் செய்தியை வெளியிடும்போது இரு சமூகத்தாரின் பெயரையும் சொல்லாமல் ‘இரு பிரிவினர்’ என்று மட்டும் எழுதுவது நம் நாட்டு ஏடுகளின் நெடுநாள் வழக்கம். தீ பரவாதிருக்க இது நல்லது என்பது விளைவை நோக்கியோரின் வாதம். உண்மையை மறைப்பது என்பது கடமையாளரின் வாதம். நம் கருத்து இதுவே. மௌனம் பொய்யன்று. எரியும் நாளில் பெயரை அடக்கி வைப்பது அறிவுடைமை. தீ அவிந்த பின்னரும், இறந்தவர் யார், எரிந்த கடைகள் எவருடையவை என்று சொல்லாமலே விட்டுவிடுவது, அநீதி இழைக்கப்பட்டவனின் முறையீட்டை விழுங்கிவிடுவதாகும். வேளை பார்த்து அடக்குவதற்கும் என்றென்றைக்கும் புதைப்பதற்கும் இடையே வேறுபாடு காணாத எழுத்தாளன், அமைதி காப்பவன் என்ற பெயரில் வலியவனின் பக்கம் சாய்ந்தவனே ஆவான்.

அமெரிக்காவில் சிகாகோ பல்கலைக்கழகத் தலைவர் ஹட்சின்ஸ் அவர்களின் தலைமையில் அமைந்த குழு 1947இல் வெளியிட்ட அறிக்கை இத்துறையில் பெரிதும் எடுத்துக்காட்டப்படுவது. ஒரு நிகழ்ச்சியை உண்மையாக எழுதிவிட்டால் மட்டும் போதாது, அந்நிகழ்ச்சியைப் பற்றிய உண்மையையும் எழுத வேண்டும் என்பது அதன் மையக் கருத்து. மீனாட்சிபுரத்துக்கு இதனைப் பொருத்திப் பாருங்கள். மக்கள் மதம் மாறினர் என்பது நிகழ்ச்சி. தாம் பிறந்த ஊரிலே மனிதராக நடத்தப்படவில்லை என்பது அந்நிகழ்ச்சியைப் பற்றிய உண்மை. முன்னதைப் பெருந்தலைப்பில் இட்டுப் பின்னதை உட்பக்கத்துக்குத் தள்ளிய ஏடு, ஒரு வரிகூடப் பொய் எழுதாமலே வாசகரை ஏமாற்றிவிட முடியும்.

நம் நாட்டில் இதற்கு விதிகள் இல்லையா எனில், உண்டு. நீதிபதி இராஜாத்யக்ஷா அவர்கள் தலைமையில் 1952இல் அமைந்த முதலாவது பத்திரிகை ஆணைக்குழுவின் பரிந்துரைப்படி 1965இல் சட்டம் இயற்றப்பட்டு, 1966 ஜூலை 4 முதல் இந்தியப் பத்திரிகைக் கவுன்சில் செயற்படத் தொடங்கிற்று. நெருக்கடி நிலைக் காலத்தில் அதுவே கலைக்கப்பட்டது. பின்னர் 1978ஆம் ஆண்டுச் சட்டத்தால் 1979இல் மறுபிறவி எடுத்தது. அக்கவுன்சில் வகுத்த நடத்தை நெறிகளைப் படித்துப் பார்ப்போர் வியப்படைவர். வெளியிடும் முன் சரிபார்த்தல், தலைப்பு அதன் கீழுள்ள செய்தியை மிஞ்சாதிருத்தல், குற்றஞ்சாட்டப்பட்டவருக்கு மறுமொழி கூற இடமளித்தல், தவற்றை உடனே தகுந்த இடத்தில் திருத்துதல், இழிவு தோன்றும் வகையில் சாதியைக் குறிப்பிடாதிருத்தல் என ஒன்றும் குறையில்லை. ஆனால் மீறியவனை அக்கவுன்சில் என்ன செய்யும்? எச்சரிக்கும், கண்டிக்கும், அல்லது அவன் நடத்தையை ஏற்கவில்லை என்று அறிவிக்கும். அபராதம் இல்லை, உரிமப் பறிப்பு இல்லை. தொலைக்காட்சி அதன் ஆளுகைக்கு உட்பட்டதும் அன்று. காசு வாங்கிக்கொண்டு தேர்தல் விளம்பரத்தைச் செய்தியாக வெளியிடும் கேட்டினைப் பற்றிக் கவுன்சில் அமைத்த துணைக்குழு 2010இல் விரிவான அறிக்கையே தந்தது. வெளியிடுவதா, சுருக்குவதா என்ற தயக்கத்தில் அவ்வறிக்கை பட்டபாடு தனிக் கதை.

பல்லில்லாத இக்கவுன்சிலுக்குப் பல் முளைக்க வேண்டும், மருத்துவருக்கும் வழக்கறிஞருக்கும் இருப்பதுபோல் எழுதுவோருக்கும் உரிமம் வேண்டும் என்று நம்மவருள் சிலர் கேட்கின்றனர். நாம் இதற்கு உடன்படோம். உரிமம் தருபவன் அரசனாயிருப்பான். அவனைக் கண்டிக்கும் ஏட்டுக்கே உரிமம் முதலில் பறிபோகும். நெருக்கடி நிலையின் இருபத்தொரு மாத அனுபவம் இதற்குப் போதிய சான்று. ஹதீஸ் கலையின் வரலாற்றை நோக்குங்கள். பொய்யான அறிவிப்பாளர்களைப் பிரித்தெறிந்த அறிஞர்களின் கையில் சிறைச்சாலை இல்லை, சாட்டை இல்லை. ‘இவர் சொல்வதை எடுத்துக்கொள்ள வேண்டா’ என்று எழுதி வைத்தார்கள், மாணவர் எடுத்துக்கொள்ளவில்லை, அவ்வளவே. கேட்க ஆளில்லாத அறிவிப்பாளன் தானே ஓய்ந்தான்.

இங்கு நேர்மையான ஐயம் ஒன்று எழும். ஹதீஸ் கலை அறிவிப்பாளரின் பெயரைக் கேட்கிறது. பத்திரிகை நெறியோ செய்தி தந்தவனின் பெயரைக் காக்கச் சொல்கிறது. செய்தியின் மூலத்தை வெளிப்படுத்துமாறு பத்திரிகையாளரைக் கட்டாயப்படுத்தலாகாது என்று 1978ஆம் ஆண்டுச் சட்டமே கூறுகிறது. இவ்விரண்டும் எவ்வாறு பொருந்தும்? ‘நம்பகமான ஒருவர் எனக்கு அறிவித்தார்’ என்று பெயரின்றிச் சொல்வதை ஹதீஸ் கலை அறிஞர்களுள் பெரும்பாலோர் ஏற்பதில்லை. ஒருவருக்கு நம்பகமானவர் மற்றவர் பார்வையில் குறையுடையவராயிருக்கக் கூடும் என்பது காரணம். ஆயினும் இமாம் ஷாஃபிஈ (ரஹ்) அவர்கள் சில இடங்களில் அவ்வாறே சொல்லியிருக்கிறார்கள். அவர்களுடைய மாணவர்கள் அதனை ஏற்றனர். ஏன்? சொன்னவர் ஷாஃபிஈ! கறைபடாத வாழ்நாள் உழைப்பால் ஈட்டிய நம்பிக்கையை அவர்கள் அந்தப் பெயரற்றவருக்குப் பிணையாக வைத்தார்கள். பெயரை மறைக்கும் ஆசிரியர் தம் பெயரை ஈடு வைக்கிறார். கிராமத்து ஏழை ஒருவன் காவல் நிலையத்துக் கொடுமையைச் சொன்னால் அவன் பெயரை மறைப்பது கடமை. அதிகாரி ஒருவர் தம் எதிரிமீது சேறு வாரியிறைக்கப் பெயரை மறைக்கச் சொன்னால் அதற்குத் துணை நிற்பது கூட்டுக் களவு. எவ்வாறாயினும் ஆசிரியருக்காவது அப்பெயர் தெரிந்திருக்க வேண்டும். ‘பெட்ரோ டாலர்’ எழுதிய ஆசிரியர்களுள் எத்தனை பேருக்குத் தெரிந்திருந்தது?

புறம் பேசுதல் பெரும்பாவம் ஆயிற்றே, ஊழலை வெளிப்படுத்தும் எழுத்து எங்ஙனம் கூடும் என்று கேட்போரும் நம்மிடையே உள்ளனர். ஜமாஅத் கணக்கைப் பற்றி எவரேனும் வாய் திறந்தால் இக்கேள்வி உடனே வரும், கணக்கு வாராது. ஹிஜ்ரி 676இல் மறைந்த இமாம் நவவீ (ரஹ்) அவர்கள் ‘ரியாளுஸ் ஸாலிஹீன்’ நூலில் புறம்பேச்சு அனுமதிக்கப்படும் ஆறு இடங்களைத் தொகுத்திருக்கிறார்கள். அநீதி இழைக்கப்பட்டவன் முறையிடுவதும், தீமையைத் தடுக்க உதவி தேடுவதும், மார்க்கத் தீர்ப்புக் கேட்பதும், மக்களைத் தீங்கிலிருந்து எச்சரிப்பதும், பகிரங்கமாகப் பாவம் செய்பவனின் அச்செயலைக் கூறுவதும், ஒருவரை அடையாளம் காட்டுவதும் அவை. அறிவிப்பாளரின் குறையை எடுத்துரைப்பதையே நான்காவதற்கு எடுத்துக்காட்டாகத் தருகிறார்கள். யஹ்யா இப்னு ஸயீத் அல்கத்தான் (ரஹ்) அவர்களிடம், நீங்கள் குறை கூறியவர்களெல்லாம் மறுமையில் உங்கள்மீது வழக்குரைப்பார்களே என்று ஒருவர் அச்சமூட்டினார். அவர்கள் வழக்குரைப்பது, பொய்யை ஏன் தடுக்கவில்லை என்று அண்ணல் நபி (ஸல்) அவர்கள் தம்மை வினவுவதினும் இலேசானது என்ற கருத்தில் விடையிறுத்தார்கள் அப்பெரியார்.

ஆறாவது இடத்தில் சற்றே தங்குவோம். அதில் இதழியலுக்கு அரிய பாடம் உண்டு. ஹதீஸ் நூல்களில் ‘அல்அஃமஷ்’ என்ற பெயரைக் காண்கிறோம். கண்பார்வை மங்கியவர் என்று பொருள். ‘அல்அஃரஜ்’ என்பது முடவர். மதிப்புக்குரிய அறிஞர்களே இப்பெயர்களால் குறிக்கப்படுகின்றனர், வேறு பெயரால் அவர்களை மக்கள் அறியாமையால். அடையாளத்துக்காகச் சொல்வது கூடும், இழிவுக்காகச் சொல்வது ஹராம், வேறு வகையில் அடையாளம் காட்ட இயலுமாயின் அதுவே மேல் என்று இமாம் அவர்கள் வரையறுக்கிறார்கள். இவ்வரையறையைக் கையில் பிடித்துக்கொண்டு இன்றைய தலைப்புகளைப் படியுங்கள். திருட்டு வழக்கில் பிடிபட்டவனின் மதம் அடையாளத்துக்கு வேண்டியதா? வேண்டியதன்று. மீனாட்சிபுரத்து மக்களின் சாதியைச் சொல்வது வேண்டியதா? அவர்கள் பட்ட துன்பத்துக்கு அதுவே காரணமாதலால் வேண்டியதே. ஒரே சொல் ஓரிடத்தில் கடமையாகவும் மற்றோரிடத்தில் அவதூறாகவும் ஆவதைப் பட்டியல் போட்ட விதிகளால் பிடிக்க இயலாது. எழுதுபவனின் உள்ளத்தில் நிறுத்தப்பட்ட தராசே பிடிக்கும்.

மீனாட்சிபுரம் பழங்கதை என்று தள்ளுவதற்கில்லை. 2020ஆம் ஆண்டின் தொற்றுநோய்க் காலத்தில் தில்லி நிஜாமுத்தீன் மர்க்கஸில் கூடிய தப்லீக் ஜமாஅத்தினரைப் பற்றி எழுதப்பட்டதையும் ஒளிபரப்பப்பட்டதையும் வாசகர் மறந்திரார். நம் தமிழகத்திலிருந்து சென்றோரும் அதில் பலர். நோயையே மதத்தின் பெயரால் அழைத்தார்கள். அவ்வாண்டு ஆகஸ்ட் 21 அன்று பம்பாய் உயர்நீதிமன்றத்தின் அவுரங்காபாத் அமர்வு வெளிநாட்டினர்மீது தொடரப்பட்ட வழக்குகளைத் தள்ளுபடி செய்தபோது, ஏடுகளும் தொலைக்காட்சிகளும் செய்த பெரும் பிரசாரத்தைக் கண்டித்தது. அவர்களுக்கு இடமளித்த குற்றத்துக்காக எழுபது இந்தியர்மீது தொடரப்பட்ட பதினாறு வழக்குகளைத் தில்லி உயர்நீதிமன்றம் 2025 ஜூலையில் தள்ளுபடி செய்தது. ஐந்தாண்டுகளுக்கு மேல்! குற்றச்சாட்டு முதற்பக்கத்தில் வந்தது. விடுதலை எந்தப் பக்கத்தில் வந்தது? அன்னை ஆயிஷா (ரலி) அவர்களின் வரலாற்றில் தூய்மைச் சான்று எவ்வாறு வெளியாயிற்று என்பதை ஒப்பிட்டுப் பாருங்கள். அவதூறு வீட்டு மூலைகளில் முணுமுணுக்கப்பட்டது. மறுப்போ, தொழுகைதோறும் உலகெங்கும் ஓதப்படும் திருமறையின் ‘நூர்’ அத்தியாயத்தில் நிலைபெற்றது.

இந்நோய் முஸ்லிம்களை மட்டும் தீண்டுவதும் அன்று. 2023 மார்ச்சில், தமிழ்நாட்டில் பீகார்த் தொழிலாளர் தாக்கப்படுவதாகத் தொடர்பற்ற காட்சிப் படங்களைக் காட்டி வடநாட்டில் வதந்தி பரப்பப்பட்டது. அஞ்சிய தொழிலாளர் ஊர் திரும்ப இரயில் நிலையங்களில் குவிந்தனர். பீகார் அரசின் குழுவே வந்து பார்த்துச் செல்ல நேர்ந்தது. அன்று தமிழரெல்லாம் கொதித்தோம். கொதிப்பு நியாயமே. ஊரைப் பற்றி ஊருக்கு வாராதவன் எழுதினால் எவ்வாறிருக்கும் என்பதை எல்லாச் சமயத்துத் தமிழரும் ஒருசேர உணர்ந்த நாள்கள் அவை.

கடைசியாக, நம் வீட்டு விவகாரம். சித்தி லெப்பை மரைக்கார் அவர்கள் 1882இல் கண்டியில் ‘முஸ்லிம் நேசன்’ ஏட்டைத் தொடங்கியது வெளியாரைக் கண்டிப்பதற்காக மட்டுமன்று. தம் சமுதாயத்தின் கல்விக் குறையை உரைத்து, அதற்காக வசையும் ஏற்றார் அவர். ‘தாருல் இஸ்லாம்’ ஆசிரியர் பா. தாவூத் ஷா அவர்களின் கொள்கைகள் சிலவற்றில் மதரஸா வழிவந்த நமக்கு உடன்பாடில்லை. ஆனாலும் நம்மவர் குறையை நம்மவர் முகத்துக்கு நேரே எழுதும் துணிவு அவர் பேனாவில் இருந்தது. இன்றைய சமுதாய இதழ்களின் நிலை யாது? வக்ஃபு சொத்து எவ்வாறு கைமாறிற்று, பைத்துல்மால் பணம் எங்கே போயிற்று, கைக்கூலி வாங்கிய திருமணத்தில் நிக்காஹ் ஓதிவைத்தவர் யார் என்பன போன்ற கேள்விகள் அவற்றில் எழுவதில்லை. திறப்பு விழாப் படங்கள் வருகின்றன. நன்கொடையாளரின் புகழ் வருகிறது. ‘அமெரிக்க விஞ்ஞானி இஸ்லாத்தை ஏற்றார்’ என்று பெயரும் ஊரும் ஆண்டும் இல்லாத துணுக்குகள் வருகின்றன. ‘எதிரிக்கு இடங்கொடுக்கலாகாது’ என்பது மௌனத்துக்குச் சொல்லப்படும் காரணம். தனக்கும் பெற்றோருக்கும் உறவினருக்கும் பாதகமாயினும் நீதிக்குச் சாட்சியாய் நிற்குமாறு ‘நிஸா’ அத்தியாயத்து நூற்று முப்பத்தைந்தாம் வசனம் பணிப்பதை இவர்கள் எங்ஙனம் ஓதுகிறார்களோ தெரியவில்லை.

இமாம் புகாரீ (ரஹ்) அவர்களின் ஆசிரியர் அலீ இப்னுல் மதீனீ (ரஹ்) அவர்களிடம் அவர்களுடைய தந்தையாரின் அறிவிப்பைப் பற்றி வினவினர். வேறெவரிடமாவது கேளுங்கள் என்று நழுவப் பார்த்தார்கள். மக்கள் விடவில்லை. சிறிது நேரம் தலைகுனிந்திருந்து, பின்னர் தலைநிமிர்ந்து, இது மார்க்கம் என்ற பொருள்பட மொழிந்து, தம் தந்தை பலவீனமானவர் என்று சொன்னார்கள். அந்தச் சிறிது நேரத் தலைகுனிவை நாம் எண்ணி எண்ணிப் பார்ப்பதுண்டு. பெற்ற பாசம் ஒருபுறமும் நாளைக்கு அந்த அறிவிப்பை நம்பப்போகும் முன்பின் தெரியாத மக்கள் மறுபுறமுமாக அத்தராசு ஆடியிருக்க வேண்டும்.

நம்மிடம் ஓதும் மாணவர்களுக்கு உஸூலுல் ஹதீஸ் பாடம் நடத்துகையில் ‘ஸீகத்துத் தம்ரீள்’ வரும் இடத்தில் அன்றைய செய்தித்தாளை அவர்கள் கையில் கொடுப்பது நம் வழக்கம். செய்தவன் பெயர் இல்லாத வினைகளின்கீழ்ச் சிவப்பு மையால் கோடிடச் சொல்வோம். மாணவர் உற்சாகமாகக் கோடிடுவர். ஒவ்வொரு கோட்டுக்கும் ‘பார்த்தீர்களா ஹஜ்ரத்!’ என்று குரல் எழும். சென்ற மாதம் நாளேடு முடிந்ததும் நம் மேசைமீதிருந்த முஸ்லிம் இதழ் ஒன்றையும் கொடுத்தோம். மாணவர் கோடிட்டனர். இம்முறை குரல் எழவில்லை. கோடுகள் மட்டும் குறைவாக இல்லை.